மொட்டு கட்டும்போது சாமந்தி எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்?

சாமந்தி வளர்க்கத் தொடங்குகிறவர்கள் முதல் வருடத்தில் பெரும்பாலும் இரண்டு விதமாக ஏமாறுகிறார்கள். சிலருக்குச் செடி அரை அடி எட்டுவதற்குள் உச்சியில் மொட்டு வைத்து, நான்கைந்து பூவோடு முடிந்துவிடுகிறது. வேறு சிலருக்கு மூன்றடி நெடுநெடுவென்று வளர்ந்து, கீழ்ப்பாதி இலையெல்லாம் காய்ந்து, நுனியில் மட்டும் கொஞ்சம் பூத்து, முதல் மழைக்கே சாய்ந்துவிடுகிறது. உடனே உரத்தை மாற்றுவார்கள், மண்ணை மாற்றுவார்கள். அடுத்த வருடமும் அதே கதைதான்.

உரமும் மண்ணும் முக்கியம்தான். ஆனால் இந்த இரண்டு தோல்விக்கும் காரணம் வேறு. செடி பூப்பதற்குத் திரும்பும் அந்த வாரத்தில் எவ்வளவு உயரத்தில், எத்தனை கிளைகளோடு நிற்கிறது என்பதுதான் பூவின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது. அந்த வாரத்துக்குப் பிறகு நீங்கள் ஊற்றுவதெல்லாம் பூவின் அளவைக் கொஞ்சம் கூட்டும், நிறத்தைக் கொஞ்சம் தூக்கும். கிளையைக் கூட்டாது. ஆகவே சாமந்தி வளர்ப்பு என்பது பெரும்பாலும் நாள் கணக்குதான். அந்தக் கணக்கைப் புதியவர்களுக்குப் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன். தொட்டியில், குரோ பேக்கில், வீட்டுப் பின்பக்கம் சின்னப் பாத்தியில் வளர்ப்பவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

இரவு நீளம் என்ன செய்கிறது

சாமந்தி வயதைப் பார்த்துப் பூப்பதில்லை. இரவின் நீளத்தைப் பார்த்துப் பூக்கிறது. பகல் நீண்டு இரவு குறுகியிருக்கும்வரை இலையும் தண்டுமாக வளர்ந்துகொண்டே போகும். இரவு ஓர் அளவுக்கு மேல் நீண்டதும் நுனியில் இலை உண்டாவது நின்று மொட்டு உண்டாகத் தொடங்கும்.

செடிகளிடம் இப்படி ஒரு பழக்கம் இருப்பதை அமெரிக்க வேளாண் துறையில் இருந்த கார்னர், அல்லார்ட் என்ற இருவர் 1920-இல் வெளியிட்டார்கள். அவர்கள் கையில் இருந்தது ஒரு புகையிலை ரகம். கோடையில் வயலில் பத்தடிக்கு மேல் வளர்ந்தும் பூக்காது. அதையே குளிர்காலத்தில் கண்ணாடிக் கூடாரத்துக்குள் வளர்த்தால் ஐந்தடி எட்டும் முன்பே பூத்துவிடும். ஒரே விதைதான், ஒரே மண்தான். பகல் நீளம் மட்டும் வேறு. உயரத்துக்கும் பூப்பதற்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது. பூக்கும் நேரத்தை நாள் நீளம் குறிக்கிறது. அதற்குள் எவ்வளவு வளர முடிந்ததோ அதுதான் உயரம்.

அடுத்த பெரிய கண்டுபிடிப்பு நம் செடியிலேயே நடந்தது. 1930-களில் சோவியத் நாட்டில் சைலக்யான் என்ற விஞ்ஞானி சாமந்திச் செடியின் இலைகளுக்கு மட்டும் குறுகிய பகலைக் கொடுத்து, நுனியை நீண்ட பகலில் விட்டார். செடி பூத்தது. இரவை அளப்பது நுனி அல்ல, இலை என்று இதிலிருந்து தெரிந்தது. இலையில் உண்டாகும் ஏதோ ஒன்று நுனிக்குப் போய்ப் பூக்கச் சொல்கிறது என்றார் அவர். நமக்கு இதில் ஒரு நடைமுறைப் பாடம் இருக்கிறது: மொட்டு கட்டும் காலத்தில் "காற்றோட்டம் வேண்டும்" என்று நல்ல பச்சை இலைகளை உருவிப் போடாதீர்கள். மஞ்சளானதை, மண்ணில் படுவதை எடுத்தால் போதும்.

வணிகத்தில் வரும் பல ரகங்களுக்குப் பகல் சுமார் பதின்மூன்றரை மணி நேரத்துக்குக் கீழே இறங்கினால் மொட்டு தொடங்கும். ரகத்துக்கு ரகம் இது கொஞ்சம் மாறும். தமிழ்நாட்டுக்கு ஒரு தனிச் சிக்கல் இங்கேதான் வருகிறது. ஜூன் மாதத்து மிக நீண்ட பகலே நமக்குப் பதின்மூன்று மணி நேரத்தைத் தொடாது. கன்னியாகுமரிப் பக்கம் 12 மணி 35 நிமிடம், சென்னையில் 12 மணி 55 நிமிடத்துக்கு ஒட்டி. விடியலுக்கு முன்னும் அந்திக்குப் பின்னும் இருக்கும் மங்கல் வெளிச்சத்தையும் செடி ஓரளவு பகலாகவே எடுத்துக்கொள்வதால்தான் நம் ஊரில் வளர்ச்சிக் காலம் என்று ஒன்று கிடைக்கிறது. அதாவது ஆண்டு முழுவதும் செடி பூக்கும் வரம்புக்கு அருகிலேயே நிற்கிறது. கடையில் வாங்கும் தொட்டிச் சாமந்தி எந்த மாதத்தில் நட்டாலும் குட்டையிலேயே மொட்டு வைப்பதற்கு இதுதான் காரணம். கிளைகளைக் கட்டுவதற்குச் செடிக்கு இங்கே தானாக நேரம் கிடைக்காது. நாம்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

உயரம் என்று எதை அளப்பது

மொட்டு கண்ணுக்குத் தெரியும் நாளும் மொட்டு தொடங்கிய நாளும் ஒன்றல்ல. நுனிக்குள் மாற்றம் நடந்து, மிளகு அளவு மொட்டு நம் கண்ணில் படுவதற்குக் குறைந்தது மூன்று வாரம் ஆகிவிடும். புதியவர்கள் அதிகம் தவறுவது இந்த மூன்று வாரத்தில். செடி இன்னும் குட்டையாக இருக்கிறதே, ஒரு தடவை கிள்ளிவிடுவோம் என்று கிள்ளுவார்கள். கிள்ளுவது நுனி மட்டுமல்ல, உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் பூவையும் சேர்த்துத்தான்.

மொட்டு தொடங்கிய பிறகு புது இலை வராது. ஆனால் ஏற்கெனவே உருவான கணுக்களுக்கு இடைப்பட்ட தண்டு நீண்டுகொண்டே போகும், கடைசியில் பூக்காம்பும் நீளும். மாற்றம் தொடங்கிய வாரத்தில் ஒரு சாண் இருந்த செடி, பூ விரியும்போது இரண்டு சாணாவது இருக்கும். வளர்த்தியான ரகம் என்றால் மூன்று. இந்தக் கணக்கு மனதில் நிற்கட்டும். நெதர்லாந்தில் கொய்மலருக்காக வளர்ப்பவர்கள் இதை வைத்தே தொழில் நடத்துகிறார்கள். முதலில் சில வாரம் விளக்குப் போட்டு நீண்ட பகல் கொடுப்பார்கள், பிறகு கறுப்புத் திரையை இழுத்து மூடிக் குறுகிய பகல் கொடுப்பார்கள். எந்த நாளில் திரையை இழுக்கிறார்களோ அதுதான் அறுவடையில் தண்டின் நீளம்.

நம் தொட்டிக்கு என்ன உயரம் சரி? தொட்டிச் செடிக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: பூக்கும்போது செடியின் உயரம் தொட்டியின் உயரத்தைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருக்கலாம். பன்னிரண்டு அங்குலத் தொட்டி என்றால் ஒன்றரை அடியிலிருந்து இரண்டடி. அதிலிருந்து பின்னோக்கி வந்தால், மொட்டு தொடங்கும் வாரத்தில் முக்கால் அடியை ஒட்டி, நாலாபுறமும் பரந்து, பத்துப் பன்னிரண்டு கிளையோடு செடி நிற்க வேண்டும். நான் பார்க்கச் சொல்வது இந்த ஒரு நிலையைத்தான்.

இதில் உயரத்தைவிடக் கிளை பெரிது. ஒற்றைத் தண்டாக இரண்டடி வளர்ந்த செடியும், பன்னிரண்டு கிளையோடு இரண்டடி வளர்ந்த செடியும் உயரத்தில் சமம்தான். முதல் செடியில் உச்சியில் ஒரு கொத்து. இரண்டாவதில் பன்னிரண்டு உச்சி, பன்னிரண்டு கொத்து. உயரம் எதற்கு உதவுகிறது என்றால், போதுமான கணுக்கள் உருவாக அவகாசம் கிடைத்ததா என்று சொல்லும் அளவுகோலாக.

எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று கேட்பவர்களுக்கு: தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சாகுபடிக் குறிப்பு, முப்பது சென்டிமீட்டருக்கு முப்பது சென்டிமீட்டர் இடைவெளியில் ஹெக்டேருக்கு 1,11,000 செடி நட்டு, முதல் பயிரில் 20 டன் பூ என்று சொல்கிறது. வகுத்தால் செடிக்கு 180 கிராம். ஒரு பூ இரண்டு மூன்று கிராம் என்று வைத்தால் அறுபது முதல் தொண்ணூறு பூ. நன்றாகக் கவனித்த வயல் செடியின் சராசரி அது. மாடியில் முதல் வருடம் அதில் பாதி வந்தாலே கணக்கு சரியாகப் போகிறது என்று அர்த்தம்.

ஆனியில் நடவு

சாமந்தியை விதையிலிருந்து தொடங்க வேண்டாம். வேரிலிருந்து கிளம்பும் பக்கக் கன்று, அல்லது ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் நீளத்தில் வெட்டிய நுனித் துண்டு, இரண்டில் ஒன்று போதும். நுனித் துண்டின் கீழ் இலைகளை எடுத்துவிட்டு ஈர மணலிலோ தென்னை நார்க் கழிவிலோ நிழலில் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும். மொட்டு வைத்த தண்டிலிருந்து துண்டு எடுக்காதீர்கள். அது வேர் பிடித்தாலும் வளராமல் பூக்கத்தான் பார்க்கும்.

பல்கலைக்கழக ரகங்களில் கோ 1, எம்.டி.யு. 1 இரண்டும் மஞ்சள், கோ 2 ஊதா. திண்டுக்கல் நிலக்கோட்டைப் பக்கமோ, ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமோ உறவுக்காரர்கள் இருந்தால் அங்கே வயலில் ஓடுகிற நாட்டுக் கன்றைக் கேட்டு வாங்குங்கள். நம் வெயிலுக்கும் இரவுக்கும் பழகியவை. பூத்த நிலையில் நர்சரியில் விற்கும் குட்டைத் தொட்டிச் செடிகள் பெரும்பாலும் வளர்ச்சியை அடக்கும் மருந்து தெளிக்கப்பட்டவை. மருந்தின் வேகம் தீர்ந்ததும் அடுத்த முறை அதே செடி உயரமாக வளரும். ரகம் மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

நடவுக்கு ஆனி மாதத் தொடக்கம், ஜூன் பாதி, சரியான சமயம். பகல் நீண்டிருக்கும், சித்திரை வைகாசியின் கொடும் வெயில் தணியத் தொடங்கியிருக்கும். செம்மண், மண்புழு உரம் அல்லது மக்கிய தொழு உரம், தென்னை நார்க் கழிவு, ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. கலவை எதுவாக இருந்தாலும் ஊற்றிய தண்ணீர் ஒரு நிமிடத்துக்குள் அடியில் வந்துவிட வேண்டும். சாமந்தி வேர் நீர் தேங்குவதைத் தாங்காது. பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்கு ஒரு கன்று. மூன்று கன்றைச் சேர்த்து நட்டால் மூன்றும் வெளிச்சத்துக்குப் போட்டியிட்டு மெலிந்து உயரும்.

கிள்ளுவது

நட்ட நான்காவது வாரம் முதல் கிள்ளல். தண்டில் ஐந்து ஆறு நல்ல இலைகளை விட்டுவிட்டு, மேலே உள்ள இளநுனியை விரல் நகத்தாலேயே கிள்ளி எடுங்கள். ஓர் அங்குலம் போதும். கத்தரி தேவைப்படும் அளவுக்குத் தண்டு முற்றியிருந்தால் தாமதமாகிவிட்டது என்று பொருள். இன்னும் கொஞ்சம் மேலே, தண்டு இளசாக இருக்கும் இடத்தில் கிள்ளுங்கள். முற்றிய கணுவிலிருந்து கிளை மெதுவாகத்தான் வரும்.

பத்து நாளில் ஒவ்வொரு இலைக்கக்கத்திலும் பச்சைப் புள்ளி தெரியும். மூன்று முதல் ஐந்து கிளை வளரும். அவை ஒவ்வொன்றும் நான்கைந்து இலை விட்டதும் இரண்டாவது கிள்ளல். ஆனியில் நட்டவர்களுக்கு இது ஆடிக் கடைசியில் வரும். நான்கு கிளைக்கு மூன்று மூன்றாகப் பன்னிரண்டு. நாம் தேடிய எண்ணிக்கை வந்துவிட்டது.

மூன்றாவது முறை கிள்ளலாமா என்றால், பெரிய பாத்தியில் இருக்கும் வலுவான செடிக்குக் கிள்ளலாம். தொட்டியில் வேண்டாம். வேருக்கு இருக்கிற இடம் அவ்வளவுதான். கிளை கூடக்கூடத் தண்டு மெலிந்து, பூ சிறுத்து, மொத்த எடை கூடாமல் போகும். கடைசிக் கிள்ளல் எப்படியும் ஆவணி முதல் வாரத்தைத் தாண்டக் கூடாது. அதற்குப் பிறகு கை வைக்காதீர்கள், செடி எவ்வளவு குட்டையாகத் தெரிந்தாலும். அது இரண்டு மடங்காவது நீளப் போகிறது.

கடைசிக் கிள்ளலிலிருந்து பூ விரிய ரகத்தைப் பொறுத்து எட்டு முதல் பதினோரு வாரம் ஆகும். ஆயுத பூஜைக்கு வீட்டுப் பூ வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இதை வைத்துப் பின்னோக்கி எண்ண வேண்டும். பூஜை அக்டோபர் நடுவில் என்றால் கடைசிக் கிள்ளல் ஜூலைக் கடைசிக்குள், நடவு மே மாதத்திலேயே. கார்த்திகை, மார்கழிக்கு என்றால் ஆனி நடவு நன்றாகப் பொருந்தும்.

நெட்டையாவதைத் தடுப்பது

செடி உயரமாவதற்கும் கணுக்கள் கூடுவதற்கும் வித்தியாசம் உண்டு. கணுவுக்குக் கணு இடைவெளி மட்டும் நீண்டு உயர்ந்தால் அந்த உயரத்தில் விளைச்சல் இல்லை. விரலை வைத்துப் பாருங்கள். இரண்டு இலைகளுக்கு நடுவே இரண்டு விரல்கடைக்கு மேல் வெற்றுத் தண்டு தெரிந்தால் செடி வெளிச்சத்தைத் தேடுகிறது.

மாடித் தோட்டங்களில் முதல் குற்றவாளி பச்சை நிழல்வலைதான். கீரைக்கும் நாற்றுக்கும் அது நல்லது. சாமந்திக்கு நேரடி வெயில் ஆறு மணி நேரமாவது வேண்டும். நட்டு வேர் பிடிக்கும் முதல் வாரம் மட்டும் நிழலில் வைத்துவிட்டுப் பிறகு வெளியே கொண்டுவந்துவிடுங்கள். அடுத்த காரணம் நெருக்கம். பக்கத்துச் செடியின் இலையில் பட்டுத் திரும்பி வரும் ஒளியில் சிவப்பு குறைந்து, அதற்கும் அப்பால் உள்ள, நம் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் தூரச் சிவப்பு கூடியிருக்கும். செடி அதை உணர்ந்து, போட்டி வந்துவிட்டது என்று தண்டை நீட்டும். இலையும் இலையும் தொடத் தொடங்கும்போதே தொட்டிகளை நகர்த்தி வையுங்கள்.

தழைச்சத்து மிகுந்தாலும் நீளும். கடலைப் பிண்ணாக்குக் கரைசலை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் நன்றாக நீர்த்து, இரண்டாவது கிள்ளல்வரை கொடுத்தால் போதும். மொட்டு தெரிந்த பிறகு அதை நிறுத்திவிட்டு மண்புழு உரத்தோடு ஒரு தேக்கரண்டி மரச்சாம்பல் போடலாம். சாம்பல் மண்ணைக் காரமாக்கும், ஆகவே மாதம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம். விவசாயிகள் ஜிப்ரலிக் அமிலம் தெளிப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது தண்டை நீட்டும் ஊக்கி. வயலில் உதிரிப்பூவுக்குக் கணக்கோடு பயன்படுத்துகிறார்கள். தொட்டியில் அதற்கு வேலை இல்லை.

காற்று நல்லது. அசையும் செடி குட்டையாகவும் தண்டு தடித்தும் வளரும். மொட்டை மாடியின் காற்றைத் தடுக்கத் துணி கட்டாமல், பூக்கும் காலத்தில் மட்டும் நாலு குச்சி ஊன்றிச் சணல் சுற்றிவிடுங்கள்.

தெருவிளக்கு

இதற்குத் தனியாக இடம் கொடுக்கிறேன், ஏனென்றால் நகரத்தில் செடி பூக்கவில்லை என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு விடை இங்கேதான் இருக்கிறது. சாமந்தி கேட்பது இடையறாத இருட்டு. நடு இரவில் வெளிச்சம் பட்டால் அது நீண்ட இரவை இரண்டு குட்டி இரவாகவே எடுத்துக்கொள்ளும். அதற்குப் பெரிய வெளிச்சமும் தேவையில்லை. சுமார் 100 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும் என்று வளர்ப்பவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள், உணர்வு கூடிய ரகங்களுக்கு அதற்கும் கீழே. வாசல் விளக்கு, படிக்கட்டு விளக்கு, கம்பத்துக்கு நேரே இருக்கும் கைப்பிடிச் சுவர் இவையெல்லாம் கணக்கில் வரும். பௌர்ணமி நிலவு வராது, அது ஒரு லக்ஸைக்கூடத் தொடாது.

வெளிச்சம் விட்டுவிட்டுப் படும் இடத்தில் இன்னொரு அறிகுறி தெரியும். நுனியில் ஒரு மொட்டு உருவாகிப் பாதியில் நின்றுவிடும், அதற்குக் கீழே இலைகள் வெட்டுவெட்டாக இல்லாமல் குறுகிய பட்டைபோல் இருக்கும், பக்கத்துக் கிளைகள் அந்த மொட்டைத் தாண்டி வளர்ந்துபோகும். செடிக்கு நோய் என்று மருந்தடிக்க வேண்டாம். அந்த நின்றுபோன மொட்டைக் கிள்ளிவிட்டுத் தொட்டியை இருட்டான மூலைக்கு மாற்றுங்கள். ஆவணிக் கடைசியிலேயே மாலை ஏழுக்குப் பிறகு ஒருமுறை மாடிக்குப் போய், எந்தத் தொட்டியின் நிழல் தரையில் தெளிவாக விழுகிறது என்று பாருங்கள். நிழல் விழுகிறது என்றால் அங்கே விளக்கு எட்டுகிறது.

இதே குணத்தை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். ஜப்பானில் ஐச்சி மாநிலத்தின் தஹாராவிலும் ஒகினாவாவிலும் சாமந்தித் தோட்டங்கள் இரவில் விளக்கால் ஒளிர்வது பெயர்பெற்ற காட்சி. நம் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கமும் வயலில் வரிசையாகப் பல்பு கட்டி வளர்க்கிறார்கள். பொங்கலுக்குப் பூ வேண்டும் என்று புரட்டாசியில் நடுபவர்களுக்கு இது அவசியம், ஏனென்றால் அப்போது பகல் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறுகிவிட்டது. விளக்கில்லாமல் நட்டால் கன்று வேர் பிடித்ததுமே மொட்டுக்குப் போய்விடும். ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றைச் செடிக்கு மூன்றடி மேலே தொங்கவிட்டு, டைமர் வைத்து இரவு பத்திலிருந்து இரண்டு மணிவரை எரியவிடுங்கள். வெண்மையைவிட மஞ்சள் சாயல் கொண்ட பல்பு மேல், அதில் சிவப்பு ஒளி கூடுதலாக இருக்கும். ஒரு பல்பின் கீழ் நெருக்கமாக வைத்த நாலைந்து தொட்டிகளுக்கு எட்டும். செடி முக்கால் அடியும் தேவையான கிளையும் எட்டியதும் விளக்கை நிறுத்திவிடுங்கள். அன்றிலிருந்து எட்டு முதல் பதினோரு வாரக் கணக்கு தொடங்கும். அது வடகிழக்கு மழைக்காலம் என்பதால், மழை படாத ஹோல்டரும் தரையைத் தொடாத ஒயரும் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

மொட்டு தெரிந்த பிறகு

புரட்டாசியில் நுனி இலைகள் சிறுத்து, நடுவில் மிளகு போலப் பச்சை உருண்டை தெரியும். ஒரு குச்சியை ஊன்றி அன்றைய உயரத்தைக் கோடு போட்டு வையுங்கள், எத்தனை கிளை என்றும் எழுதி வையுங்கள். அடுத்த வருடம் நடவு நாளை முன்னே தள்ளுவதா பின்னே தள்ளுவதா என்று இந்த ஒரு குறிப்பு சொல்லிவிடும். அன்று முக்கால் அடிக்கும் கீழே, ஐந்தாறு கிளையோடு நின்றால் நடவைப் பதினைந்து இருபது நாள் முன்னே கொண்டுபோங்கள். ஒன்றரை அடியைத் தாண்டியிருந்தால் நடவுத் தேதி நன்றாகவே இருந்தது, கிள்ளலில்தான் ஒன்று குறைந்திருக்கிறது.

சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஒரு தாமதம் வரும். இரவிலும் வெப்பம் இறங்காமல் இருந்தால் மொட்டு உண்டாவதும் வளர்வதும் மெதுவாகும். ஓசூரில் புரட்டாசிக் கடைசியில் பூக்கும் ரகம் சென்னையில் ஐப்பசிக்குத் தள்ளிப்போகலாம். இதற்கு உரத்தால் செய்ய ஒன்றுமில்லை. மாலையில் தரையில் தண்ணீர் தெளித்து மாடியின் சூட்டைத் தணிக்கலாம். இலை நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ராத்திரி ஈரம் இலைப்புள்ளி நோயைக் கூட்டி வரும்.

ஒரு தண்டில் ஒரே பெரிய பூ வேண்டும் என்றால் நடு மொட்டை விட்டுவிட்டுப் பக்க மொட்டுகளைப் பட்டாணி அளவுக்குள் எடுத்துவிடலாம். சாமிக்கும் தலைக்கும் தொடுக்கிற பூவுக்கு எதையும் எடுக்காதீர்கள். திருச்சி மலைக்கோட்டை ஈசனுக்குச் செவ்வந்திநாதர் என்றே பெயர் உண்டு. வீட்டுச் செடியில் நூறு சின்னப் பூ வந்தால் தொடுக்கிறவர் கைக்கு அதுதான் சந்தோஷம்.

அசுவினி மொட்டுக் காம்பில்தான் கூட்டம் கூட்டமாக உட்காரும், கறுத்த நிறத்தில். கையால் நசுக்கித் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் முதல் வாரத்தில் அடங்கிவிடும். மிஞ்சினால் வேப்பெண்ணெய்யைச் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளியுங்கள். பூ விரிந்த பிறகு தெளிக்க வேண்டாம். மழை தொடர்ந்தால் தொட்டிகளை ஒரு பக்கம் சற்றுச் சாய்த்து வைத்தாலே வேரழுகல் பாதி குறையும்.

வெளி இதழ்கள் நன்றாக விரிந்து நடுப்பகுதி இன்னும் இறுக்கமாக இருக்கும்போது காலையில் பறியுங்கள். பறிக்கப் பறிக்கக் கீழ்க்கிளை மொட்டுகள் பருக்கும்.

பூ முடிந்ததும் வெட்டு

தை மாதத்தில் பூ ஓய்ந்த செடியைப் பிடுங்கி எறியாதீர்கள். தரையிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் விட்டு வெட்டிவிட்டு, மேல்மண்ணைக் கிளறி ஒரு பிடி தொழு உரம் போடுங்கள். வயலில் மறுதாம்புப் பயிராக விட்டு முதல் பயிரில் பாதியளவு பூ எடுப்பார்கள். தொட்டியில் மறுதாம்பைவிடப் பக்கக் கன்றைப் பிரித்துப் புதிதாக நடுவதே மேல், பழைய வேர் தொட்டியை நிரப்பியிருக்கும்.

மாசி பங்குனியில் சுற்றிலும் கன்றுகள் கிளம்பும். அவற்றைச் சித்திரை வைகாசி வெயிலில் அரைநிழலில் வைத்து, நுனி நீளும்போதெல்லாம் கிள்ளிக்கொண்டே இருங்கள். அந்தக் காலத்தில் அவை மொட்டு வைத்தாலும் தயங்காமல் எடுத்துவிடுங்கள். வைகாசிக் கடைசியில் வலுவான கன்றுகளை வேரோடு பிரித்து எடுத்து, பழைய மண்ணில் பாதியை மாற்றி, குச்சியில் எழுதிவைத்த உயரத்தைப் பார்த்து நடவுத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.